குறைந்தபட்சம்

இதுவரை அவளை வேண்டாம் என்று சொன்ன வக்கீல்கள் எல்லோருமே நல்ல மனிதர்கள். உட்காரச் சொன்னார்கள். ஒருவர் தண்ணீர்கூடக் கொடுத்தார். வேண்டாம் என்பதை யாரும் அந்தச் சொல்லால் சொல்லவில்லை. "பார்க்கலாம்மா" என்றார்கள். "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பப்பட்டவர் யாரும் இன்னும் வந்து சேரவில்லை.

அவள் வேதியியல் படித்துவிட்டுச் சட்டம் படித்தவள். சோதனை தோற்றால் ஏன் தோற்றது என்று கண்டுபிடிக்காமல் மேசையைத் துடைக்கக் கூடாது என்பது கல்லூரியில் படிந்த பழக்கம். அதனால் ஒவ்வோர் அலுவலகத்திலும் எழுந்து வரும்போது அதே கேள்வியைக் கேட்டாள்.

"என்ன குறைன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன் சார்."

முதல் வக்கீல் நேர்மையானவர். "நீ பேசறது உனக்கே கேக்குதாம்மா?" என்றார்.

அவள் யோசித்துப் பார்த்து, "கேக்குது சார்" என்றாள்.

"என்ன?" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து, சலவை இயந்திரம் துணி பிழியும் நேரமாகப் பார்த்து அதன் பக்கத்தில் நின்று பேசிப் பழகினாள். இரண்டாவது வக்கீலிடம் அதே குரலில் பேசினாள். பக்கத்து அறையில் இருந்தவர் எழுந்து வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். "இங்க யாருக்கும் காது மந்தம் இல்லம்மா" என்றார் வக்கீல்.

மூன்றாவது வக்கீல், சயின்ஸ் படித்தவர்களுக்கு உண்மையைத் தேடும் பழக்கம் இருக்கும், தன் கட்சிக்காரர்களின் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது என்றார். நான்காமவர், கல்யாணம் ஆனால் வேலையை விட்டுப் போய்விடுவாள் என்றார். ஐந்தாமவர், கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பொறுப்பு வராது என்றார்.

ஒரே திரவத்தை ஐந்து ஆய்வகங்களுக்கு அனுப்பி ஐந்து விதமான முடிவு வந்தால் திரவத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அதற்காகத் திரவத்தில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அவள் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டில் அப்படி நிற்க விடவில்லை. அக்கா வீட்டுக்காரர் தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்று நடத்தி வந்தார். அவர் யாரையும் வற்புறுத்த மாட்டார். தணிவாகக் கேட்பார், அதுதான் இன்னும் கஷ்டம்.

"திங்கட்கிழமை ஒரு ஆள் சேரணும்மா. நீ வர்றதா இருந்தா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. இல்லன்னா வெளியில ஆள் பாக்கணும். அவசரம் ஒண்ணும் இல்ல."

"ஏசி ரூம்" என்றாள் அம்மா.

"அங்க நீ வாயே திறக்க வேணாம்டி" என்றாள் அக்கா. "தண்ணி என்ன, திருப்பிப் பேசப் போகுதா?"

அந்த வேலை தனக்கு நன்றாக வரும் என்று அவளுக்குத் தெரியும். சேர்ந்தால் தலை நரைக்கும்வரை செய்துகொண்டே இருப்பாள் என்பதும் தெரியும். பயம் அதுதான்.

வக்கீல் வேலைமேல் அவளுக்கு இருந்த ஆசைக்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. நீதியை நிலைநாட்டும் எண்ணமெல்லாம் இல்லை. வீட்டில் அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அம்மா நடுவில் புகுந்துகொள்வாள், முடிவு அக்காவுடையதாக இருக்கும். சட்டக் கல்லூரியில் ஒருமுறை மாதிரி நீதிமன்றம் நடத்தினார்கள். அவள் எழுந்து பேசினாள். எதிர்த்தரப்பு மாணவன் குறுக்கே பேசப்போனபோது நடுவராக இருந்த ஆசிரியர், "உன் முறை வரும்வரை உட்கார்" என்றார். அவன் உட்கார்ந்தான். அவள் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கும் இடம் உலகத்தில் ஒன்று இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அதை விட்டுவிட மனம் வரவில்லை.

புதன்கிழமை ஆறாவது அலுவலகத்துக்குப் போனாள். நீதிமன்றத்துக்கு எதிர்க் கட்டடம், மூன்றாவது மாடி. லிஃப்ட்டின் கதவில் நாற்காலி ஒன்றைப் போட்டு மறித்திருந்தார்கள். மேலே, ஐம்பதை ஒட்டிய ஒரு பெண் வக்கீல் நின்றபடியே வழக்குக் கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். உட்கார வேண்டிய இடங்களில் எல்லாம் கட்டுகள் உட்கார்ந்திருந்தன. அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வக்கீல், "இடமில்லம்மா" என்றார்.

"என்ன குறைன்னு சொன்னீங்கன்னா…"

"உன் குறை இல்ல. நாற்காலி குறை."

"நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அந்தப் பேச்சுக்குப் படியேற ஆன நேரம்கூட ஆகவில்லை.

கால் வலித்தது. வீட்டுக்குப் போனால் அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். நீதிமன்றத்தில் உட்கார யாரும் காரணம் கேட்பதில்லை என்பதால் எதிரே போய் ஏதோ ஓர் அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

சுருட்டை முடி வக்கீல் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய கட்சிக்காரர் ஒரு பட்டறைக்காரர், இடத்தைக் காலி செய்ய வேண்டியவர். வக்கீல் ஆறு மாதம் அவகாசம் கேட்டார். நீதிபதி முடியாது என்றார். அவள் தன்னையறியாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவளாக இருந்தால் இந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்திருப்பாள்.

சுருட்டை முடிக்காரர் நகரவில்லை. வெட்கம் என்பதே இல்லாமல் நின்றார். "அப்படின்னா குறைந்தபட்சம் மூணு மாசம் ஐயா" என்றார்.

"முடியாது."

"குறைந்தபட்சம் மெஷினை மட்டும் எடுத்து வைக்க ஒரு மாசம்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "சரி. மெஷினுக்கு மட்டும். ஒரு மாசம்."

வக்கீல் ஏதோ நாட்டையே பிடித்துவிட்டவர்போலக் குனிந்து வணங்கிவிட்டு வந்தார். வாசலில் பட்டறைக்காரரிடம், "வாங்கிட்டேன்" என்றார். பட்டறைக்காரரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

அவள் பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். எந்த மனுவையும் அப்படித்தான் எழுதுவார்கள். முதலில் வேண்டியதைக் கேட்பார்கள். அதற்குக் கீழே, அது முடியாவிட்டால் இது என்பார்கள். கடைசியில், நீதிமன்றம் பொருத்தமென்று கருதும் வேறு பரிகாரம் எதுவாக இருந்தாலும் சரி என்று ஒரு வரி இருக்கும். கல்லூரியில் அந்த வரியை அவள் எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறாள். ஆனால் ஆறு வக்கீல்களிடமும் ஒரே ஒரு கோரிக்கையோடு போயிருக்கிறாள். அது இல்லை என்றதும் காரணம் கேட்டிருக்கிறாள். எல்லோரும் காரணத்தைத் தாராளமாகக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேட்டதுதான் கிடைத்தது. கேட்டது காரணம்.

அவள் மறுபடி மூன்று மாடி ஏறினாள்.

"நீ இப்பதானே போன?" என்றார் வக்கீல். இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"ஆமா மேடம்."

"இடமில்லன்னு சொன்னேனே."

"அது வேலைக்கு மேடம். வேலை இல்லன்னா குறைந்தபட்சம் வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்க உக்காந்து கேஸ் கட்டு படிக்க விடுங்க."

"உக்காரத்தானே இடமில்லங்கறேன்."

"நின்னுட்டுப் படிக்கறேன்."

"வழியில நிக்கக் கூடாது."

"வழியில இல்லாம நிக்கறேன் மேடம்."

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஜூனியர் சிரித்தான். வக்கீல் அவனைப் பார்த்தார். அவன் சிரிப்பதை விட்டுவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தான்.

"ஜன்னல் பக்கம் நில்லு" என்றார் வக்கீல். "என்கிட்ட எதுவும் கேக்காத. சந்தேகம் வந்தா இவன்கிட்ட கேளு."

"அவருக்குத் தெரியலன்னா?"

"தெரியாது. இருந்தாலும் அவன்கிட்டயே கேளு."

அந்த ஜூனியருக்கு நீதிமன்ற வட்டாரத்தில் வாய்தா என்று பெயர். ஒரு வழக்கு விசாரணைக்கு வரும்போது சீனியர் வேறு நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், எழுந்து வேறு தேதி கேட்டு வாங்குவது ஜூனியரின் வேலை. அப்படி வாங்கும் தேதிக்குத்தான் வாய்தா என்று பெயர். அவன் அதில் கைதேர்ந்தவன். காரணங்களை முறைவைத்துச் சொல்வான். மற்ற ஜூனியர்கள் அவனிடம் காரணம் கடன் வாங்கிப் போவார்கள்.

"பயப்படாதீங்க" என்றான் அவளிடம். "மேடம் கத்துவாங்க, ஆனா மறந்துடுவாங்க. போன வாரம் என்னை வேலையை விட்டு அனுப்பினாங்க. மறந்துட்டாங்க. நானும் ஞாபகப்படுத்தல."

வியாழக்கிழமை முழுவதும் அவள் ஜன்னலோரம் நின்று படித்தாள். வெள்ளிக்கிழமை வர இருந்தது ஒரு தையல்காரரின் வழக்கு. அவருடைய கடைக்கு நேர் மேலே ஒரு வீடு. அந்த வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து, தையல்காரர் துணி வெட்டும் மேசைமேல் சோப்பு வாசனையோடு சொட்டிக்கொண்டிருந்தது. மேசையை நகர்த்தினார். சொட்டும் நகர்ந்தது. மாடி வீட்டுக்காரரோ தன் வீட்டில் கசிவே இல்லை, தையல்காரரின் கூரைதான் வியர்க்கிறது என்று பதில் மனு போட்டிருந்தார். அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வாய்தா பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். ஒரு பக்கக் கன்னம் பந்துபோல இருந்தது. அவன் ஏதோ சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னான். அப்புறம் கைபேசியில் தட்டிக் காட்டினான்.

'மேடம் பெரிய கோர்ட்ல இருக்காங்க. தையல்காரர் கேஸ்ல நீங்க தேதி கேளுங்க. எழுந்து நில்லுங்க, கேளுங்க, உக்காருங்க. அவ்வளவுதான்.'

"நான் இந்த ஆபீஸே இல்லையே" என்றாள்.

'மேடம்கிட்ட கேட்டாச்சு. "வாய் இருக்கற யாரையாவது அனுப்பு"ன்னு சொன்னாங்க.'

வக்கீலாகப் பதிவு செய்த நாளிலிருந்து கறுப்பு கவுனைப் பையிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அது மடிப்பு கலையாமல் இருந்தது. போட்டுக்கொண்டபோது மடிப்புகள் அப்படியே நின்றன.

நீதிமன்றத்தில் தையல்காரர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்திருந்தார். வழக்கைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள்.

"சீனியர் வேற கோர்ட்ல இருக்காங்க ஐயா. வேற தேதி வேணும்."

"என்ன?" என்றார் நீதிபதி.

மறுபடி சொன்னாள். நீதிபதி கையைக் காதருகே கொண்டுபோனார். பிறகு அலுவலரைப் பார்த்து, "ஃபேனை நிறுத்துங்க" என்றார்.

மின்விசிறிகள் மெதுவாக நின்றன. நல்ல வெயில் காலம். அறையில் இருந்த எல்லோரும், இதுவரை இந்த வழக்கில் எந்த அக்கறையும் இல்லாதவர்கள்கூட, திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"இப்பச் சொல்லுங்க."

சொன்னாள். இப்போது எல்லோருக்கும் கேட்டது.

"எப்பவும் அவர்தானே கேப்பார்?" நீதிபதி வாய்தாவைக் காட்டினார். "அவருக்கு என்ன?"

"பல் பிடுங்கியிருக்காங்க ஐயா."

வாய்தா உதவியாக வாயைத் திறந்தான்.

"காட்ட வேணாம்" என்றார் நீதிபதி. "போன தடவை அவர் மாமனாருக்கு உடம்பு சரியில்ல. அதுக்கு முன்னாடி கார் ரிப்பேர். இன்னைக்குப் பல்லு. இந்தத் தையல்காரர் கடைக் கூரை மட்டும் ஒரு நாளும் வாய்தா கேக்காம ஒழுகிட்டே இருக்கு. தேதி கிடையாது. இப்பவே நடத்துங்க. இல்லன்னா வழக்கைத் தள்ளுபடி பண்ணிடுவேன்."

நன்றி ஐயா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாய்தா அவள் கவுனைப் பிடித்து இழுத்தான். உட்காரச் சொல்கிறானா, பேசச் சொல்கிறானா என்று தெரியவில்லை. பஞ்சு வைத்தவனிடம் கேட்டும் பயனில்லை. தையல்காரர் அளவு நாடாவின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நின்றாள்.

"அப்படின்னா குறைந்தபட்சம் மதியத்துக்கு மேல கூப்பிடுங்க ஐயா."

"மதியம் வேற விசாரணை இருக்கு. முடியாது."

"குறைந்தபட்சம் இன்னைக்குக் காலைப் பட்டியல்ல கடைசியா."

மாடி வீட்டுக்காரரின் வக்கீல் எழுந்தார். "ஐயா, இவங்க ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்…"

"உட்காருங்க" என்றார் நீதிபதி. "அவங்க முடிக்கட்டும்."

அந்த வக்கீல் பெரிய ஆள். முடியெல்லாம் வெள்ளை. அவர் உட்கார்ந்தார்.

அவள் சொல்ல நினைத்தது அதோடு முடிந்திருந்தது. ஆனால் காத்திருக்கிறார்களே என்று இன்னும் கொஞ்சம் பேசினாள். வழக்கு தள்ளிப்போனால் தங்கள் கட்சிக்காரருக்குத்தான் நஷ்டம், தண்ணீர் அவர் மேசைமேல்தான் சொட்டுகிறது, அதனால் இது இழுத்தடிக்கக் கேட்பது இல்லை என்றாள். கூரை வியர்ப்பதாக எதிர்த்தரப்பு சொல்கிறது, அப்படி வியர்த்தால் கூரை முழுவதும் ஈரமாக வேண்டும், மேசைக்கு மேலே மட்டும் சோப்பு வாசனையோடு வியர்க்கும் கூரையைத் தான் எங்கும் படித்ததில்லை என்றாள். வழக்கைக் கூப்பிடும் வரிசையை மட்டும் மாற்றினால் போதும் என்றாள்.

யாரோ சிரித்தார்கள். நீதிபதி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. கடைசி. அப்பவும் சீனியர் வரலன்னா நீங்களே நடத்தணும். ஃபேனைப் போடுங்க."

அறை மொத்தமும் பெருமூச்சு விட்டது. இந்த உத்தரவில் தன் வாதத்தின் பங்கு எவ்வளவு, புழுக்கத்தின் பங்கு எவ்வளவு என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மின்விசிறி ஓடும்போது இதே வாதத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மேடத்துக்கு ஃபோன் செய்தாள். மேடம் நிறையப் பேசினார். பட்டியல் முடியும் நேரத்துக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவள் நீட்டிய கட்டை வாங்கிப் புரட்டிக்கொண்டே வாதாடினார். மாடி வீட்டுக் குழாயைப் பிரித்துப் பார்க்க ஒரு பொறியாளரை அனுப்பவும், அதுவரை மாடி வீட்டுக்காரர் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் இருக்கவும் உத்தரவு ஆனது. மாடி வீட்டுக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு குளியலறைதான்.

தையல்காரர் வெளியே வந்ததும் அவளிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. "கவுனு தோள்பட்டையில தொங்குதும்மா" என்றார். "கடைக்குக் கொண்டாங்க, பிடிச்சுத் தர்றேன்."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேடம் அவளைக் கூப்பிட்டார்.

"உன்னை என்ன கேக்கச் சொன்னாங்க?"

"தேதி, மேடம்."

"நீ என்ன வாங்கின?"

"நேரம்."

"நான் இன்னும் சாப்பிடல தெரியுமா?"

"தெரியும் மேடம்."

மேடம் மேசைமேல் இருந்த காகிதங்களை இங்கிருந்து அங்கே நகர்த்தினார். அவர் சாப்பிடப் போகிறாரா கத்தப் போகிறாரா என்று வாய்தா மூலையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இங்க வேலை உண்டா மேடம்?" என்று அவள் கேட்டாள்.

"அடுத்த வாரம் பாக்கலாம்."

"இல்ல மேடம். இன்னைக்கே சொல்லணும்."

வாய்தா பஞ்சை விழுங்கப் பார்த்தான்.

"என்ன அவசரம்?" என்றார் மேடம்.

"சாயங்காலத்துக்குள்ள எங்க மாமாவுக்குப் பதில் சொல்லணும். அங்க ஒரு வேலை இருக்கு. நல்ல வேலை. நீங்க தள்ளிப்போட்டா எனக்கு ரெண்டுமே போயிடும். உங்களுக்கு எதுவும் போகாது. அதனால தள்ளிப்போடக் கூடாது."

"உன் குரல் யாருக்கும் கேக்கலன்னு சொல்றாங்களே."

"கேட்டுது மேடம். ஃபேனை நிறுத்தினாங்க."

"நீ போற கோர்ட்ல எல்லாம் ஃபேனை நிறுத்துவாங்களா?"

"குளிர்காலத்துல பிரச்சனை இல்ல மேடம். அடுத்த வெயில் காலத்துக்குள்ள சரி பண்ணிக்கறேன்."

மூலையிலிருந்து வாய்தா ஏதோ சொன்னான். வாக்கியம் நீளமாக இருந்தது. கையை வேறு ஆட்டினான். ஒரு சொல்கூட விளங்கவில்லை.

"இவன் உனக்காகப் பேசறானா, எதிரா பேசறானா?" என்று மேடம் அவளிடம் கேட்டார்.

"தெரியல மேடம். ஆனா முடிக்கட்டும்."

மேடம் அவன் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டார். சாப்பிடத்தான் கிளம்பினார்.

"திங்கட்கிழமை அஞ்சாம் கோர்ட்ல ஒரு கேஸ் இருக்கு. தேதி கேக்கணும். தேதி மட்டும்."

"தரலன்னா?"

மேடம் வாசலில் நின்று திரும்பினார். "தரலன்னா உக்காராத. எனக்கு ஃபோன் பண்ணிட்டு அடுத்ததைக் கேளு. நான் சாப்பிட்டிருக்கேனான்னும் கேளு."

அவர் படியிறங்கும் சத்தம் நிற்கும்வரை இருந்துவிட்டு, அவள் ஜன்னலருகே போய் அக்கா வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தாள்.

"மாமா, நான் திங்கட்கிழமை வரல. இங்க சேந்துட்டேன்."

"அப்படியா?" என்றார் அவர். "சந்தோஷம்மா. உங்க அக்காகிட்ட நானே சொல்லிடறேன். அவ கத்தறதை நான் கேட்டுக்கறேன்." அப்புறம் அதே தணிந்த குரலில், "உன்கூட கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு யாராவது இருந்தா சொல்லேன். ஆள் உடனே வேணும்" என்றார்.

"கேட்டுச் சொல்றேன் மாமா."

அவளுடைய வகுப்பில் அளவுகளில் பிசகவே பிசகாத ஒருத்தி இருந்தாள். மூன்று இடங்களில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று கேள்வி. அந்தப் பெண்ணின் எண் கைபேசியில் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினாள்.